ஹாஜி மோஸின் விட்டுச் சென்ற தர்மம்

தர்மம் செய்வது ஒரு காரியம். செய்த தர்மத்தைக் காப்பது மற்றொரு காரியம். முன்னது ஒருவர் மனம் வைத்தால் ஆகிவிடும். பின்னதற்கோ தலைமுறை தலைமுறையாகப் பலருடைய நாணயம் வேண்டும். நமது தேசத்தில் கொடுப்போருக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஊர்தோறும் நிற்கும் சத்திரங்களும், குளங்களும், கோயில்களும், தர்காக்களும் அதற்குச் சாட்சி. கொடுத்ததைக் கலையாமல் காத்தோர் எத்தனை பேர் என்று எண்ணப் புகுந்தால்தான் மனம் சோர்ந்து போகிறது. நியாயஸ்தலங்களில் பழகிய நமக்குத் தர்ம சொத்து வழக்கு என்றால் அதன் முடிவு அநேகமாக முன்னரே தெரிந்துவிடும். தர்மகர்த்தா கொழுத்திருப்பார், தர்மம் மெலிந்திருக்கும், வக்கீல்கள் இருவருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பொது விதிக்குச் சற்று விலகி நடந்த ஒரு சரித்திரத்தை இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது வங்காளத்தில் ஹூக்ளி நகரத்தில் பிறந்து அங்கேயே மறைந்த ஹாஜி முகம்மது மோஸினுடைய சரித்திரம்.

ஹூக்ளி நகரம் இன்று கல்கத்தாவின் நிழலில் ஒதுங்கியிருக்கும் ஒரு சிற்றூர் போலத் தோன்றும். மோஸின் பிறந்த 1732-ஆம் வருஷத்தில் அதன் நிலை வேறு. போர்த்துகேசியர் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். 1632-இல் ஷாஜஹான் சக்கரவர்த்தியின் சேனை அவர்களைத் துரத்திற்று. அதன் பின்னர் அதுவே வங்காளத்தின் அரசாங்கத் துறைமுகமாயிற்று. பக்கத்திலேயே சின்சுராவில் டச்சுக்காரரும், சந்திரநாகூரில் பிரெஞ்சுக்காரரும் பண்டகசாலை வைத்திருந்தனர். பாரசீகத்திலிருந்து வந்த வர்த்தகரும் உத்தியோகஸ்தரும் ஆற்றங்கரையில் மாளிகைகள் கட்டிக் குடியேறினர். அப்படி வந்த குடும்பம் ஒன்றில், ஹாஜி பைஜுல்லா என்பவருக்கும் ஜைனப் கானம் அம்மையாருக்கும் மோஸின் புதல்வராகப் பிறந்தார். அம்மையாருக்கு ஆகா மோத்தஹர் என்ற முதல் கணவரிடத்தில் மன்னுஜான் என்று ஒரு பெண் உண்டு. தாய் ஒன்று, தந்தை வேறு. ஆயினும் அக்காளும் தம்பியும் உடன்பிறந்தாரினும் மேலான பாசத்துடன் வளர்ந்தார்கள். இந்தப் பாசமே பிற்காலத்தில் ஒரு பெரிய தர்மத்துக்கு வித்தாயிற்று.

அக்காலத்துக் கனவான்களின் பிள்ளைகளுக்குரிய கல்வி மோஸினுக்குக் கிடைத்தது. அரபியும் பாரசீகமும் கற்றார், சங்கீதம் பயின்றார், கத்தி வீச்சும் மல்யுத்தமும் பழகினார். எழுத்தழகில் அவருக்கு நிகரானவர் அருகில் இல்லை என்றும், தம் கையாலேயே குர்ஆனைப் பல பிரதிகள் எழுதித் தானம் செய்தார் என்றும் வங்காளத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். விவாகம் செய்துகொள்ளாமலே வாழ்நாளைக் கழித்தார். மத்திய வயதில் தேச சஞ்சாரம் புறப்பட்டார். மக்காவில் ஹஜ்ஜு நிறைவேற்றினார். மதீனா, நஜப், கர்பலா முதலிய ஸ்தலங்களைத் தரிசித்தார். பாரசீகமும் அரபு நாடும் துருக்கியும் சுற்றிப் பல வருஷங்கள் கழித்துத்தான் தாய்நாடு திரும்பினார்.

அவர் வாழ்ந்த காலம் எத்தகையது என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். பிளாசி யுத்தம் நடந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமை கம்பெனியார் கைக்குச் சென்றது. ஐந்து வருஷங்களுக்குள், 1770-இல், அம்மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மாண்டதாகக் கம்பெனியாரே கணக்கிட்டார்கள். 1793-இல் காரன்வாலிஸ் பிரபு சாசுவத நிலவரித் திட்டத்தை ஏற்படுத்தினார். தீர்வை கட்டத் தவறிய பழைய ஜமீன்கள் ஏலத்தில் போயின. நவாபுகளின் தர்பாரை நம்பியிருந்த முஸ்லிம் பிரபுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. உத்தியோகம் போயிற்று, மானியம் போயிற்று, பாரசீகக் கல்விக்கு இருந்த மதிப்பும் குறையத் தொடங்கிற்று. ஒரு சமூகமே மாடியிலிருந்து படிப்படியாகக் கீழிறங்குவதை மோஸின் தம் கண்ணால் கண்டார்.

இந்தச் சரிவிலே ஒரு ஆஸ்தி மட்டும் தப்பி நின்றது. அது யசோஹர் ஜில்லாவில் இருந்த ஸையத்பூர் ஜமீன். மோஸினுடைய தமக்கை மன்னுஜான் அம்மையாருக்கு அது சொந்தம். ஹூக்ளியில் பௌஜ்தார் பதவியைச் சேர்ந்தவரான மிர்ஜா சலாஹுத்தீனை அவர் மணந்தார், இளமையிலேயே கணவரை இழந்தார், சந்ததி இல்லை. கோஷாவிலிருந்துகொண்டே அந்தப் பெரிய ஜமீனை அம்மையார் திறமையாக நிர்வகித்து வந்தார். கணக்கை அறிந்த பெண்மணி கையில் இருந்ததனாலேயே அது ஏலத்துக்குப் போகாமல் தப்பிற்று என்று நாம் கருதுகிறோம். முதுமை வந்ததும் ஊர் சுற்றிக்கொண்டிருந்த தம்பியை அழைத்துப் பொறுப்பை அவர் கையில் வைத்தார். 1803-இல் அம்மையார் காலமானார். எழுபது வயது கடந்த பிரமசாரி ஒருவர், ஒருநாளும் விரும்பித் தேடாத பெருஞ்செல்வத்துக்கு அதிபதியானார்.

மோஸின் அதை அனுபவிக்கவில்லை. மூன்றே வருஷத்தில், 1806-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், தர்ம சாசனம் ஒன்றை எழுதி வைத்தார். இஸ்லாமிய நியாய சாஸ்திரத்தில் இதற்கு வக்பு என்று பெயர். சொத்தின் உடைமை ஆண்டவனுக்கு என்று அர்ப்பணம் ஆகிவிடும். அதன் பிறகு அதை விற்க முடியாது. அடமானம் வைக்க முடியாது. வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடியாது. மரம் ஆண்டவனுடையது; கனி ஏழைகளுடையது என்று சுருங்கச் சொல்லலாம். மரத்துக்கு நீர் ஊற்றிக் கனியைப் பங்கிட்டுக் கொடுக்க ஒருவர் வேண்டுமல்லவா? அவரை முத்தவல்லி என்பர். அவர் சொத்துக்குச் சொந்தக்காரர் அல்லர், காவற்காரர் மாத்திரமே. நம் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் இதே விதிதான்.

மோஸினுடைய சாசனம் வருமானத்தை ஒன்பது பங்காக வகுத்தது. மூன்று பங்கு பாத்திஹா ஓதுதல், மொகரம் அனுஷ்டானம், ஹூக்ளியில் அவருடைய குடும்பத்தார் ஏற்படுத்தியிருந்த இமாம்பாராவும் மசூதியும் கபர்ஸ்தானமும் பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு. நான்கு பங்கு ஊழியர் சம்பளத்துக்கும் ஏழைகள் முதலியோருக்கு மாதந்தோறும் அளிக்கும் உபகாரத் தொகைக்கும். மீதி இரண்டு பங்கு, நிர்வாகம் செய்யும் இரண்டு முத்தவல்லிகளுக்குப் பங்குக்கு ஒன்றாக. காவற்காரனுக்கும் கூலி கொடுத்துவிட்டால் அவன் கனியைத் திருடமாட்டான் என்று அந்த முதியவர் எண்ணியிருக்க வேண்டும். லௌகீகம் தெரிந்தவர் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் அவர் மனித ஸ்வபாவத்தைச் சற்று உயர்வாகவே மதித்துவிட்டார். 1812-ஆம் வருஷம் நவம்பர் மாதம் அவர் காலமானார். இமாம்பாராவை அடுத்த தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கண் மூடியதும் கதை மாறிற்று. ஒன்பதில் இரண்டு பங்கு போதவில்லை என்று முத்தவல்லிகளுக்குத் தோன்றிவிட்டது. அனுஷ்டானங்கள் குறைந்தன, சர்க்கார் தீர்வை பாக்கி நின்றது, தர்மப் பணம் சொந்தச் செலவுக்குத் திரும்பிற்று. 1810-ஆம் வருஷத்துப் பத்தொன்பதாவது ரெகுலேஷன் என்ற சட்டத்தின்படி, தர்ம சொத்துக்களை மேற்பார்க்கும் அதிகாரம் வங்காளத்து ரெவினியூ போர்டாருக்கு இருந்தது. அவர்கள் விசாரணை தொடங்கி, 1818-இல் முத்தவல்லிகளை நீக்கினார்கள். நீக்கப்பட்டவர்கள் வழக்காடினார்கள். ஜில்லாக் கோர்ட்டு, மேல் கோர்ட்டு என்று ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் அது சென்றது. 1835-இல்தான் வழக்கு ஓய்ந்தது. சாசனம் எழுதி முப்பது வருஷம் ஆகுமுன், அதன் காவல் அந்நிய சர்க்காரின் கைக்குப் போய்விட்டது.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். கம்பெனியார் ஏழைகளின் மேல் கொண்ட கருணையினால் இந்தக் காரியத்தில் இறங்கினார்கள் என்று நாம் நம்பவில்லை. ஆயினும் அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது யார்? உள்ளே இருந்தவர்களே. தாளிட வேண்டியவன் தானே கதவைப் பெயர்த்து விற்கத் தொடங்கினால், தெருவில் போகிறவன் உள்ளே நுழைவதற்குக் கேட்பானேன்? அந்நியர் நம்மை ஆண்ட கதையில் பெரும்பகுதி இதுதான். அவர்கள் உடைத்து நுழைந்த கதவுகள் சில. நாம் திறந்துவிட்ட கதவுகளே பல.

வழக்கு நடந்த அத்தனை வருஷங்களிலும் வருமானம் செலவாகாமல் சேர்ந்துகொண்டே போயிற்று. ஜமீனைப் பட்னி என்னும் நிரந்தரக் குத்தகைகளாகப் பிரித்து விட்டதில் முன்பணமாகவும் பெருந்தொகை வந்தது. 1835-இல் கணக்குப் பார்த்தபோது எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல் திரண்டிருந்தது. அந்நாளைய எட்டு லட்சம் இந்நாளில் எத்தனை கோடிக்குச் சமம் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அவ்வருஷம் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் மெட்காப். மெகாலே துரை இங்கிலீஷ் கல்விக்குப் பரிந்து தம் பிரசித்தி பெற்ற குறிப்பை எழுதியதும் அதே வருஷந்தான். சர்க்கார் தாமே முத்தவல்லியின் ஸ்தானத்தை வகித்து, ஒரு முத்தவல்லியின் பங்கைத் தம் வசம் வைத்துக்கொண்டு, சேர்ந்த நிதியைக் கல்விக்கு விடுவதென்று தீர்மானித்தார்கள். இமாம்பாராவின் காரியங்களைப் பார்க்க மற்றொரு முத்தவல்லியை நியமித்தார்கள்.

இதன் பலனாக 1836-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதியன்று சின்சுராவில் ஒரு கலாசாலை திறக்கப்பட்டது. மராட்டிய மன்னர் சிந்தியாவிடம் சேனாபதியாக இருந்த பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்றங்கரையில் கட்டியிருந்த மாளிகையே கலாசாலையின் இல்லமாயிற்று. இங்கிலீஷ் பகுதி ஒன்று, அரபி பாரசீகப் பகுதி ஒன்று. வித்தியார்த்திகள் திரண்டு வந்தார்கள். ஊரில் ஓர் ஆஸ்பத்திரியும் இந்தத் தர்மத்தால் நடைபெற்றது. சின்சுராவிலுள்ள ஜில்லா ஆஸ்பத்திரி இன்றும் இமாம்பாரா என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. 1841-இல் தொடங்கி இருபது வருஷம் வேலை செய்து, பழைய இமாம்பாரா இருந்த இடத்தில் ஸையத் கராமத் அலி என்ற முத்தவல்லியின் மேற்பார்வையில் புதிய இமாம்பாரா எழுந்தது. அதன் இரட்டைக் கோபுரமும் சீமையிலிருந்து வந்த பெரிய கடிகாரமும் ஆற்றில் படகேறிச் செல்வோரின் கண்ணை இன்றும் கவர்கின்றன.

இனி இந்தச் சரித்திரத்தின் ருசிகரமான பாகத்துக்கு வருகிறோம். கலாசாலையில் சேர்ந்தவர்கள் யார்? இங்கிலீஷ் பகுதியில் அநேகமாக அனைவரும் ஹிந்துப் பிள்ளைகளே. அக்காலத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இங்கிலீஷ் கல்வியில் சிரத்தை உண்டாகவில்லை. ராஜ்யத்தைப் பறித்தவனின் பாஷையைப் படிப்பதா என்ற ரோஷம் ஒரு புறம். பிள்ளைகள் மார்க்கத்தை விட்டு விலகிவிடுவார்களோ என்ற அச்சம் ஒரு புறம். நாளுக்கு நாள் பெருகிய வறுமை எல்லாவற்றுக்கும் மேல். ஆக, ஒரு முஸ்லிம் கனவான் வைத்துப் போன பணத்தில் முப்பத்தேழு வருஷ காலம் பெரும்பாலும் ஹிந்து வாலிபர்களே படித்துத் தேறினார்கள்.

அவர்களில் ஒருவரை மட்டும் குறிப்பிடுவோம். ஹூக்ளி நதியின் எதிர்க்கரையிலுள்ள காந்தால்பாடா கிராமத்திலிருந்து 1849-இல் ஒரு பிராமணச் சிறுவன் இக்கலாசாலையில் வந்து சேர்ந்தான். ஏழு வருஷம் படித்தான். உபகாரச் சம்பளமும் பெற்றான். பிறகு கல்கத்தா சென்று, 1858-இல் அந்தச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவனானான். அச்சிறுவன்தான் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். வந்தே மாதர கீதத்தை இயற்றியவர். அந்தக் கீதத்தையும், அது இடம்பெற்ற நவீனத்தையும் பற்றி ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த வாதங்களை நேயர்கள் அறிவார்கள். அந்த வாதத்தில் வாள் சுழற்றிய இரு கட்சியாரும் ஒரு விஷயத்தை மறந்தனர். கீதத்தை எழுதிய கைக்குப் பேனாவைக் கொடுத்தது ஹாஜி ஒருவரின் பணம். இதை அறிந்த பின்னும் ஒரு சாராரை மற்றொரு சாரார் அந்நியர் என்று பேசுவது எங்ஙனம்?

ஆனால் கடனை ஒப்புக்கொள்ளும் நாம், கடன் கொடுத்தவனின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றும் கேட்க வேண்டும். அங்கேதான் குறை இருந்தது. நவாப் அப்துல் லத்தீப் என்ற கல்கத்தாப் பெரியார் இதைச் சர்க்காருக்கு எடுத்துக் காட்டிப் பலகாலம் முயன்றார். 1871-இல் ஹண்டர் என்ற சிவில் உத்தியோகஸ்தர், இந்திய முஸ்லிம்களைப் பற்றி எழுதிய புஸ்தகத்தில், முஸ்லிம்களுக்கான தர்மப் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பியது அநீதி என்றும், அந்தக் கலாசாலையில் முஸ்லிம் வித்தியார்த்திகள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள் என்றும் காட்டினார். சர்க்காரின் ஊழியரே சர்க்கார் மீது இக்குற்றத்தைச் சுமத்தினார். ஹண்டரின் நூலுக்கு ராஜ தந்திரமும் ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஹிந்துக்களையும் முஸ்லிம்களையும் தனித்தனித் தராசுத் தட்டுகளில் வைத்துப் பார்க்கும் வித்தையை ஆங்கிலேயர் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள். இருப்பினும் சொல்பவன் யார் என்பதனால் சொன்ன உண்மை பொய்யாகிவிடாது.

1873-இல் தவறு ஒருவாறு திருத்தப்பட்டது. கலாசாலையின் செலவை மாகாண வருமானத்திலிருந்து சர்க்கார் ஏற்றுக்கொண்டார்கள். மோஸின் நிதி முஸ்லிம்களின் கல்விக்கென்று விடுவிக்கப்பட்டது. அதைக்கொண்டு டாக்கா, சிட்டகாங், ராஜஷாஹி ஆகிய ஊர்களில் மதரஸாக்கள் எழுந்தன. கலாசாலைகளிலும் ஜில்லாப் பள்ளிக்கூடங்களிலும் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்த நிதியே கட்டிற்று. இந்தக் கடைசி ஏற்பாட்டின் மதிப்பைக் கிராமத்துப் பிள்ளைகளை அறிந்தவர்களே உணர்வார்கள். பெரிய கட்டிடம் கட்டினால் திறப்பு விழா நடக்கும், பெயர்ப்பலகை தொங்கும். ஓர் ஏழை உழவனுடைய மகன், சம்பளம் கட்ட வழியின்றிப் பாதியில் நின்றுவிடாமல் மேல் வகுப்புக்குப் போவதற்கு விழா ஒன்றும் நடப்பதில்லை. கிழக்கு வங்காளத்தில் முஸ்லிம் வக்கீல்களும் உபாத்தியாயர்களும் வைத்தியர்களும் அடுத்த தலைமுறையில் தோன்றியதற்கு இந்தச் சத்தமில்லாத உபகாரம் ஒரு முக்கிய காரணம். மோஸின் ஷியா மார்க்கத்தைச் சேர்ந்தவர். வங்காளத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஸுன்னிகள். படிக்க வந்த பிள்ளையிடம் அந்த நிதி இந்தப் பேதம் பார்க்கவில்லை.

ஹூக்ளியில் படித்த முஸ்லிம் வாலிபர்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் ஸையத் அமீர் அலி. அங்கே பட்டம் பெற்று, சீமைக்குச் சென்று பாரிஸ்டராகி, 1890-இல் கல்கத்தா ஹைகோர்ட்டு ஜட்ஜாக அமர்ந்தார். இஸ்லாமிய சட்டத்தைக் குறித்து, வக்பு உட்பட, அவர் எழுதிய நூல்கள் நீண்ட காலம் வக்கீல்களின் மேஜையில் இருந்தன. பல வருஷங்கள் ஹூக்ளி இமாம்பாராவின் கமிட்டிக்குத் தலைவராகவும் இருந்தார். 1909-இல் பிரிவி கவுன்சிலின் நீதி கமிட்டியில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே. 1835-இல் எந்த நியாயஸ்தலம் மோஸினுடைய தர்மத்தைப் பற்றிய வழக்கை முடித்து வைத்ததோ, அந்த நியாயஸ்தலத்தின் ஆசனத்தில், அந்தத் தர்மம் உண்டாக்கிய கலாசாலையின் மாணவர் எழுபத்து நான்கு வருஷம் கழித்து உட்கார்ந்தார். கல்வியில் போட்ட பணம் எப்படித் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த கணக்கை நாம் கண்டதில்லை.

தமிழ் நேயர்களுக்கு இச்சரித்திரம் முற்றும் புதிதல்ல. வங்காளத்து 1810-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பின்பற்றியே 1817-இல் சென்னை மாகாணத்திலும் ஏழாவது ரெகுலேஷன் பிறந்தது. நம் கோயில், சத்திர சொத்துக்கள் ரெவினியூ போர்டின் பார்வைக்கு வந்தது அதன் மூலம்தான். 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் தர்மமும் வழக்கில் சிக்கிற்று. சேர்ந்த மிகுதிப் பணத்திலிருந்து 1842-இல் சென்னையில் பாடசாலையாக மலர்ந்தது. அங்கும் நிறுவினவர் மனத்தில் முதலில் இருந்தது கோயில் கைங்கரியமே. கல்வி பின்னால் வந்தது. ஆனால் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹாஜியின் பணத்தில் நடந்த கலாசாலை 1836-இல் திறந்த நாளிலிருந்தே ஹிந்துக்களுக்கு இடம் கொடுத்தது. பச்சையப்பன் கல்லூரியின் கதவு ஹிந்துக்கள் அல்லாதாருக்குத் திறந்தது 1947-இல்தான். இதை யாரையும் குறை கூறுவதற்காக நாம் எழுதவில்லை. பிறரிடம் விசாலமான மனத்தை எதிர்பார்ப்பவர்கள் தம் வீட்டு வாசலையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நலம்.

சின்சுராக் கலாசாலையின் பெயரிலும் ஒரு பாடம் உண்டு. தொடக்கத்தில் அது மோஸின் பெயராலும் வழங்கிற்று. பிறகு வெறும் ஹூக்ளிக் கலாசாலையாகி, கொடுத்தவரின் பெயர் மறைந்தது. நூறு வருஷம் நிறைந்த 1936-இல்தான் ஹூக்ளி மோஸின் கலாசாலை என்று மறுபடியும் அவர் பெயர் சேர்ந்தது. மற்றொரு சம்பவமும் உண்டு. குல்னா அருகே தௌலத்பூரில் 1902-இல் விரஜலால் சக்கரவர்த்தி என்ற ஹிந்து கனவான், ஹிந்து அக்காடெமி என்ற பெயரோடு ஒரு கலாசாலை ஏற்படுத்தினார். அது வளர்வதற்கு நிலம் தந்தது ஸையத்பூர் மோஸின் எஸ்டேட். அங்கே ஹிந்து என்ற பெயரைப் பார்த்து யாரும் பின்வாங்கவில்லை. கூடிப் பேசிச் செய்த மத ஒற்றுமைத் தீர்மானங்கள் ஆயிரம் இருக்கலாம்; அந்த நிலப் பத்திரம் ஒன்று அவை எல்லாவற்றுக்கும் ஈடு.

1947-ஆம் வருஷம் ஆகஸ்டில் வங்காளம் பிளவுபட்டபோது ராட்கிளிப்பின் கோடு இந்தத் தர்மத்தையும் இரண்டாக அறுத்தது. இமாம்பாராவும், கலாசாலையும், மோஸினுடைய சமாதியும் இந்தியாவில் நின்றன. அவற்றை வாழ்வித்த ஸையத்பூர் நிலங்கள் யசோஹர், குல்னா ஜில்லாக்களோடு பாகிஸ்தானுக்குப் போயின. 1950-இல் கிழக்கு வங்காளத்தில் ஜமீன்தாரி முறையே சட்டத்தால் ஒழிந்தது. 1971-இல் அந்தப் பூமி பங்களாதேசமாயிற்று. இத்தனை அலைகளுக்குப் பின்னும் மோஸின் பெயர் இரு தேசங்களிலும் அழியவில்லை. சிட்டகாங்கில் 1874-இல் எழுந்த மதரஸா இன்று அவர் பெயர் கொண்ட கலாசாலை. டாக்கா சர்வகலாசாலையில் மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரால் விளங்குகிறது. மேற்கு வங்காளத்திலும் மோஸின் நிதியின் பெயரால் முஸ்லிம் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கும் வழக்கம் நிலைத்திருக்கிறது. ஒரு கிழவர் 1806-இல் இட்ட கையெழுத்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு அப்பாலும் பிள்ளைகளுக்குப் புஸ்தகம் வாங்கிக் கொடுக்கிறது.

இவ்வளவும் நாம் எழுதியது ஒரு புண்ணிய புருஷரைப் புகழ்வதற்காக மாத்திரம் அன்று. வக்பு சொத்துக்களை யார் மேற்பார்ப்பது, கோயில் சொத்துக்களை யார் மேற்பார்ப்பது என்ற விவாதம் இன்றும் தேசத்தில் ஓயவில்லை. சர்க்கார் கையில் இருந்தால் பத்திரம் என்பார் சிலர். சமூகத்தின் கையில் விட்டுவிட வேண்டும் என்பார் சிலர். மோஸினுடைய தர்மம் இரண்டு கைகளையும் கண்டது. சொந்தச் சமூகத்து முத்தவல்லிகள் பணத்தைத் தின்றார்கள். சர்க்கார் பணத்தைத் தின்னவில்லை. ஆனால் உரியவருக்குச் சேர்ப்பிக்க முப்பத்தேழு வருஷம் மறந்து போனார்கள். முன்னது திருட்டு, பின்னது அலட்சியம். பசித்தவனுக்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே, யார் கை என்ற கேள்வியைவிட, அந்தக் கையைக் கவனித்திருக்கும் கண்கள் எத்தனை என்ற கேள்வியே முக்கியம் என்பது நமது அபிப்பிராயம். மோஸினுடைய சாசனத்தில் இல்லாமற்போனது ஒன்றே ஒன்று. ஒன்பது பங்கையும் யாருக்கு என்று எழுதியவர், வருஷாவருஷம் கணக்கை யார் முன்னிலையில் படிக்க வேண்டும் என்று எழுதவில்லை. நல்லவர்கள் பிறரையும் நல்லவர்களாகவே எண்ணிவிடுகிறார்கள். அந்த ஒரு குறையின் வழியாக முத்தவல்லிகளின் பேராசை நுழைந்தது. அதன் பின்னே வழக்கு நுழைந்தது. அதன் பின்னே அந்நிய சர்க்கார் நுழைந்தது. அப்துல் லத்தீப் போன்றவர்கள் எழுந்து கணக்குக் கேட்ட பிறகுதான் தர்மம் தன் பாதைக்குத் திரும்பிற்று.

தேச ஊழியத்தில் இறங்கியிருக்கும் நண்பர்களுக்கு இதில் விசேஷமான கவனம் வேண்டும். நாமும் ஜனங்களிடம் நிதி வசூலிக்கிறோம். ஏழை கொடுக்கும் நாலணாவும் ஒரு வகை வக்புதான். அதன் உடைமை நமக்கு இல்லை. எந்தக் கட்சியின் கஜானாவாயினும், எந்தக் கோயிலின் உண்டியலாயினும், எந்தப் பள்ளிவாசலின் நிலமாயினும், அதை வைத்திருப்பவன் காவற்காரனே. கணக்குக் கேட்பவனைத் துரோகி என்று தூற்றும் ஸ்தாபனம் நெடுநாள் நிலைக்காது. கேட்பதற்கு முன்பே கணக்கை விரித்து வைக்கும் ஸ்தாபனத்தைச் சர்க்காராலும் அசைக்க முடியாது.

நேயர்கள் ஒவ்வொருவர் ஊரிலும் யாரோ ஒரு பெரியவர் வைத்துப் போன ஒரு தர்மம் இருக்கும். சத்திரமாயிருக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைத்த நஞ்சையாயிருக்கலாம், பிள்ளைகளுக்கு வைத்த உபகாரச் சம்பளமாயிருக்கலாம். இந்த வாரமே அங்கே சென்று, சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறது, வருமானம் எவ்வளவு, அது யாருக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம். மரியாதையாகக் கேளுங்கள்; பதில் வரும் வரையில் கேளுங்கள். ஹூக்ளித் தோட்டத்தில் உறங்கும் அந்த ஹாஜிக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.